பெர்லிட்டாவின் ஃபிளாஸ்க்

"இதுல விஷம் இருக்கு" என்று சொல்லி, ட்ரூடி கீட்டிங் அந்தச் சிவப்பு ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. இன்று பரிசோதனை முடிவு வருகிறது. அதே நாற்காலியில், அதே கறுப்புச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் சட்டையை மாற்றினாளா என்று தெரியவில்லை.

நெரினா பவான் ஜன்னலைச் சாத்தினாள். கீழே மீன் வறுக்கும் கடை. ஆற்றுக்கு அப்பால் கரும்பு ஆலை. அரவைக் காலத்தில் இன்னிஸ்ஃபெய்ல் ஊரே பாகு வாசனையில் மிதக்கும். வறுத்த மீனும் வெல்லப்பாகும் சேர்ந்தால் துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆகாது.

"காபி தரட்டுமா?" என்று கேட்டான் டெஸ் வில்லி. "சார்ஜென்ட் போட்டது இல்ல. நான் போட்டது. குடிக்கலாம்."

ட்ரூடி தலையசைத்து மறுத்தாள். டெஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். முந்தின நாள் தங்கையின் குளிர்சாதனப் பெட்டியை மாடிக்கு ஏற்றியிருந்தான். ஒரு காலத்தில் கரும்பு ரயில் ஓட்டியவன். நெரினா போலீஸ் சார்ஜென்ட் வேலையை விட்டு இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தபோது, காணாமல்போன தன் நாயைத் தேடித் தரச் சொல்லி முதல் ஆளாக வந்தான். நாய் கிடைத்த பிறகும் அவன் போகவில்லை.

போன் அடித்தது. டவுன்ஸ்வில் பரிசோதனைக்கூடத்துக்காரர். நெரினா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஃபிளாஸ்க் அடியில தங்கினதைப் பார்த்தோம். எலுமிச்சை, சர்க்கரை, கொஞ்சம் இஞ்சி. அப்புறம் பாரசிட்டமால்."

"எவ்வளவு?"

"ஒரு கப்புக்கு ரெண்டு மாத்திரை கணக்கு வரும். வேற ஒன்னுமில்ல. இதைக் குடிச்சு யாரும் சாக மாட்டாங்க, நெரினா."

போன் வைக்கப்பட்டதும் ட்ரூடி எழுந்தே விட்டாள். "பாத்தீங்களா? பக்கத்து வீட்டுப் பெர்லிட்டாதான் மாத்திரையைப் போட்டுக் கலக்கியிருக்கா! நல்ல எண்ணத்துல யாராவது அப்படிச் செய்வாங்களா?"

"ட்ரூடி, உக்காருங்க. கேர்ன்ஸ் ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன சொன்னாரு? இன்னொரு தடவை சொல்லுங்க."

"கல்லீரல் மொத்தமா நின்னு போச்சுன்னு சொன்னாரு. ஏன்னு தெரியல, மரண விசாரணை அதிகாரி பாக்கட்டும்னாரு. ஃப்ளூன்னு படுத்தவங்க. ஃப்ளூல யாருக்காவது கல்லீரல் போகுமா? என்ன மருந்து சாப்பிட்டீங்கன்னு அம்மாகிட்டயே கேட்டாங்க. அப்ப நினைவு இருந்துச்சு. 'பெட்டியில போட்டிருக்கற அளவுக்கு மேல ஒரு மாத்திரைகூட எடுத்ததில்ல டாக்டர்'னு சொன்னாங்க. எங்கம்மா கேக் செஞ்சா உப்பைக்கூட எடை போட்டுத்தான் போடுவாங்க. அவங்க பொய் சொல்லல."

"பொய் சொன்னாங்கன்னு நான் சொல்லவே இல்லையே."

"அந்தப் பெர்லிட்டாவைத் தவிர வீட்டுக்கு யாரும் வரல. பக்கத்து வீடு, புருஷன் இல்ல. தினமும் பின்பக்க வேலியைத் தாண்டி ஃபிளாஸ்க்கோட வருவா. இப்ப அம்மா போனப்புறமும் வர்றா. அப்பாவுக்குக் கஞ்சி கொண்டு வர்றா. அந்த வீட்டுல இருக்கவே என்னால முடியல. மோட்டல்ல தங்கியிருக்கேன்."

அவள் போன பிறகு டெஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரொட்டிக் கடையில நேத்து பெர்லிட்டா வந்தா. வரிசையில நின்ன ரெண்டு பொம்பளைங்க அப்படியே வெளியே போயிட்டாங்க. ஊரே தீர்ப்பு எழுதி முடிச்சிருச்சு சார்ஜென்ட். நம்மதான் லேட்."

"பாரசிட்டமால் அளவு மீறினா நேரா கல்லீரல்லதான் போய் உக்காரும்" என்றாள் நெரினா, கார் சாவியை எடுத்துக்கொண்டே. "ஒரு கப்புல ஒன்னும் ஆகாது. எத்தனை கப் கொடுத்தாங்கறதுதான் கேள்வி. வா."

"வண்டியை நான் ஓட்டறேன். நீங்க ஓட்டினா என் முதுகு தனியா ராஜினாமா குடுத்துரும்."

*

பெர்லிட்டா ஊருக்கு வெளியே வாழைப்பழம் பெட்டி கட்டும் கொட்டகையில் வேலை பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியில் சீப்பு சீப்பாகப் பழம் மிதந்து வர, அவள் ரப்பர் கையுறையோடு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம். பிலிப்பைன்ஸிலிருந்து கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்தவள். புருஷன் ஆலையில் வேலை பார்த்து இறந்துபோனவன். நெரினாவைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினாள்.

"ட்ரூடி அனுப்பினாளா?"

"ஆமா."

"வருவீங்கன்னு தெரியும். கேளுங்க." அவள் கோபப்படவில்லை. "ட்ரூடியோட அம்மா வால்மாவை நான் 'ஆத்தே'ன்னுதான் கூப்பிடுவேன். எங்க ஊர்ல அக்காவை அப்படித்தான் சொல்லுவோம். எனக்கு இங்க வேற யாரும் அக்கா கிடையாது. அதை முதல்ல சொல்லிடறேன்."

"எலுமிச்சைத் தண்ணியில பாரசிட்டமால் இருந்திருக்கு, பெர்லிட்டா. மாத்திரை போட்டுக் கலக்கினீங்களா?"

"மாத்திரையா?" பெர்லிட்டா சுவரில் தொங்கிய தன் பையைத் திறந்து ஒரு மஞ்சள் அட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினாள். 'லெம்பெரா' என்று பெரிய எழுத்து, ஆவி பறக்கும் கோப்பை, அரை மூடி எலுமிச்சைப் படம். "இந்தப் பாக்கெட்டைக் கிழிச்சுச் சுடுதண்ணியில கொட்டினேன். கொஞ்சம் இஞ்சி நசுக்கிப் போட்டேன். சளிக்கு நல்லதுன்னு எல்லாரும் குடிக்கறதுதானே?"

டெஸ் பெட்டியை எட்டிப் பார்த்தான். "கொலைக் கருவி கிடைச்சிருச்சு. சூப்பர் மார்க்கெட்ல சாக்லேட்டுக்குப் பக்கத்து அலமாரி. நானே போன வாரம் வாங்கினேன்."

"டெஸ்."

"வாயை மூடிட்டேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை கொடுத்தீங்க?"

"வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒன்னு. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனப்புறம் ஒன்னு. படுக்கப் போறப்ப ஒன்னு. இன்னொன்னுகூடக் குடிக்கலாம்னு பெட்டியில போட்டிருக்கு. நான்தான் போதும்னு நிறுத்திட்டேன்." அவள் நெரினாவை நேராகப் பார்த்தாள். "அவங்க வாந்தி எடுக்க ஆரம்பிச்சதும் அதையும் நிறுத்திட்டேன். டாக்டர்கிட்டப் போலாம்னு சொன்னேன். ஃப்ளூதானே, தானா போயிரும்னாங்க. நான் இன்னும் கொஞ்சம் அடம் பிடிச்சிருக்கணும்."

போலீஸில் இருந்த காலம் முழுக்க நெரினா பொய் கேட்டுக் காது புளித்தவள். இதில் பொய் இல்லை. துப்பு கையிலேயே உதிர்ந்துவிட்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"நீங்களே வச்சுக்கோங்க" என்றாள் பெர்லிட்டா. "வீட்டுல இன்னொன்னு இருக்கு. இன்னிக்குக் காலையில ட்ரூடியோட அப்பா மெர்வுக்கும் அதுலதான் கலக்கிக் கொடுத்துட்டு வந்தேன்."

நெரினாவின் கை அப்படியே நின்றது. "மெர்வுக்கு என்ன?"

"அதே ஃப்ளூ. நாலஞ்சு நாளா படுத்திருக்காரு. இன்னிக்குக் கஞ்சிகூட இறங்கல. காலையில வாந்தி. வலது விலாவுக்குக் கீழ வலிக்குதுன்னாரு." பெர்லிட்டாவின் குரல் இறங்கியது. "ஆத்தேவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மதியம் ட்ரூடிக்குப் போன் பண்ணினேன். என் நம்பரைப் பார்த்தா அவ எடுக்க மாட்டா."

டெஸ் நெரினாவின் காதருகே குனிந்தான். "ஒரே எலுமிச்சைத் தண்ணி, ரெண்டாவது ஆள். நான் போலீஸா இருந்தா இப்ப விலங்கை எடுத்திருப்பேன்."

"நீ போலீஸ் இல்ல. வண்டியை எடு. பெர்லிட்டா, நீங்களும் ஏறுங்க."

*

ஊருக்குள் நுழையும் இடத்தில் கரும்பு ரயில் குறுக்கே நின்றிருந்தது. ஓடவில்லை. தண்டவாளம் நெடுக இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை கம்பிக் கூண்டுகள். கூண்டு நிறையக் கரும்புத் துண்டுகள்.

"ஆலைக்குள்ள இடம் இல்ல. உள்ள கொட்டினாத்தான் இது நகரும்" என்றான் டெஸ்.

நெரினா மெர்வின் நம்பருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பின் இருக்கையில் பெர்லிட்டா கைகளைக் கோத்துக்கொண்டு முணுமுணுவென்று ஜெபம் சொன்னாள்.

டெஸ் காரின் டாஷ்போர்டு டிராயரைத் திறந்து இரண்டு பெட்டிகளை எடுத்தான். ஒன்றில் மின்னல் வெட்டும் தலைப் படம். இன்னொன்றில் வளைந்த முதுகுப் படம். இரண்டிலிருந்தும் மாத்திரைகளைப் பிதுக்கி உள்ளங்கையில் போட்டுக்கொண்டான்.

"அது என்ன ரெண்டு?"

"இது தலைக்கு, இது முதுகுக்கு. தனித்தனியாப் போடலேன்னா மாத்திரைக்கு எங்க போறதுன்னு எப்படித் தெரியும்? பாவம், உள்ள இருட்டா வேற இருக்கும்."

நெரினா சிரிக்கவில்லை. அந்தத் தலைப் படத்தையே பார்த்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பினாள். முதுகுப் பெட்டியையும் திருப்பினாள். மடியிலிருந்த மஞ்சள் பெட்டியையும் திருப்பினாள்.

"டெஸ், முழுங்கிட்டியா?"

வாயில் போட்டிருந்தான். கன்னத்தில் ஒதுக்கியபடி, "இன்னும் இல்ல" என்றான்.

"துப்பு."

துப்பினான். போலீஸ் குரல் அது.

"பெரிய எழுத்துல மூணு பேரு" என்றாள் நெரினா. "மூணு படம், மூணு கம்பெனி. இப்ப ஓரத்துல, எறும்பு எழுத்துல இருக்கறதைப் படி. தலைப் பெட்டி, பாரசிட்டமால். முதுகுப் பெட்டி, பாரசிட்டமால். எலுமிச்சைப் பொடி, பாரசிட்டமால்."

டெஸ் மூன்றையும் வாங்கிப் பார்த்தான். வழக்கமான சிரிப்பு முகத்திலிருந்து போயிருந்தது. "கரும்பு வெட்டற மெஷின் மூணு. பெயின்ட் வேற வேற. இன்ஜின் ஒன்னு."

"வால்மா பொய் சொல்லலன்னு ட்ரூடி சொன்னா. உண்மைதான். எந்தப் பெட்டியிலயும் அவங்க அளவு மீறல." நெரினா பின்னால் திரும்பினாள். "பெர்லிட்டா, உங்க எலுமிச்சையைத் தவிர வால்மா வேற என்ன போட்டுட்டு இருந்தாங்க?"

"முதுகுல சுளுக்குன்னு மெர்வோட முழங்கால் மாத்திரை. ரொம்ப நேரம் தாங்கும்னு மெர்வ் சொன்னாரு. அப்புறம் ஜலதோஷத்துக்கு ஒரு நீலப் பெட்டி. எல்லாத்தையும் நேரம் பார்த்துத்தான் போடுவாங்க. கணக்கா..." பெர்லிட்டா பாதியில் நின்றாள்.

"ஒவ்வொரு பெட்டிக்கும் கீழ்ப்படிஞ்சிருக்காங்க. ஒரே நாள்ல, எல்லாப் பெட்டிக்கும்."

கோத்திருந்த கைகளைப் பெர்லிட்டா பிரித்தாள்.

"அப்ப என் கப்பும்..." என்றாள் பெர்லிட்டா. "நான் தினமும் வேலி தாண்டிக் கொண்டு போனதும்..."

நெரினாவுக்குப் பதில் தெரியும். சொல்லாமல் விஷ முறிவு உதவி நம்பருக்கு அடித்தாள். எதிர்முனையில் ஒரு பெண் பதற்றமில்லாமல் கேட்டாள்: என்னென்ன மருந்து, எத்தனை நாளாக, சாப்பிடுகிறாரா, குடிப்பழக்கம் உண்டா. தனக்குத் தெரிந்ததையும் பெர்லிட்டா சொன்னதையும் நெரினா சொன்னாள்.

"உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றாள் அந்தப் பெண். "அவர் நல்லா இருக்கேன்னு சொன்னாலும் கேக்காதீங்க. இந்த மருந்து உள்ள கெடுத்துட்டு இருக்கறப்ப ஆள் வெளிய தெம்பாத்தான் தெரிவாங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. வீட்டுல இருக்கற எல்லாப் பெட்டியையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க. மாத்து மருந்து இருக்கு. ஆனா சீக்கிரம் ஏத்தணும்."

நெரினா ஆம்புலன்ஸுக்குச் சொல்லி முடிப்பதற்குள் டெஸ் காரை விட்டு இறங்கியிருந்தான். இடுப்பைப் பிடித்தபடி தண்டவாளத்தோரமாக இன்ஜினை நோக்கி ஓடினான். தூரத்தில் அவன் கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது. ஏதோ ஒரு பழைய கூட்டாளியின் பெயரும், அவன் அம்மாவைப் பற்றிய ஒரு வார்த்தையும் காற்றில் வந்தன. பிறகு சங்கிலிகள் இழுபட்டுக் கடகடவென்று கூண்டுகள் அசைந்தன. கடைசிக் கூண்டு சாலையைத் தாண்டியதும் ரயில் மறுபடி நின்றது.

டெஸ் மூச்சு வாங்க வந்து ஏறினான். "ஆலை வாசல்ல இடிச்சுக்கிட்டு நிக்கட்டும்னு சொல்லிட்டான். நல்ல பய. முன்னாடி எனக்குப் பிடிக்காது."

*

கீட்டிங் வீடு மற்ற வீடுகளைப் போலத் தூண்கள் மேல் உயரத்தில் நின்றது. நெரினா படிகளில் ஏறி ஓடினாள். கதவு பூட்டவில்லை.

மெர்வ் படுக்கையில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, வெயிலில் வெந்த கை. ஒரு காலத்தில் பாதி மாவட்டத்துக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்தவர். இப்போது மனைவியின் பூப்போட்ட கோப்பையைப் பிடித்திருந்தார். கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள்.

"நெரினாவா? என்னம்மா விஷயம்? பெர்லிட்டா, வேலைக்குப் போகல?"

"மெர்வ், அந்தக் கப்பைக் கொடுங்க." நெரினா வாங்கி வைத்தாள். "என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"பெரிசா ஒன்னுமில்ல. கடையில விக்கறதுதான்." அவர் கட்டில் பக்கத்து மேசையைக் காட்டினார். ஒரு சின்னத் தட்டு. அதில் முழங்கால் மாத்திரை, லெம்பெரா, நீலப் பெட்டி மூன்றும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. "அவ தட்டு இது. அவ எப்படி வச்சிருந்தாளோ அப்படியே இருக்கு. அவ எந்த நேரத்துக்கு எதைப் போடுவாளோ அதேபடி நானும் போடறேன். என்னை விட அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும். மிச்சத்தைத் தூக்கிப் போட மனசு வரல."

பெர்லிட்டா சுவரில் சாய்ந்தாள்.

நெரினா நீலப் பெட்டியை எடுத்துத் திருப்பினாள். 'வின்டராக்ஸ்'. ஓரத்தில் எறும்பு எழுத்தில் அதே பெயர். "இது யார் வாங்கினது?"

"ட்ரூடி. பிரிஸ்பேன்லேருந்து கொண்டாந்தா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் வந்தவ, அம்மா தும்மறதைப் பார்த்துட்டு ஓடிப்போய்ப் பையிலேருந்து எடுத்துக் கொடுத்தா. 'இது வேற மருந்தும்மா, முதுகு மாத்திரையோட சேர்த்தே போடலாம்'னு சொன்னா. ரெண்டு நாள்ல ஊருக்குத் திரும்பிப் போயிட்டா." மெர்வ் லேசாகச் சிரித்தார். "நான் கொடுத்தா வால்மா ஆயிரம் கேள்வி கேப்பா. மக கையால கொடுத்தது. ஒரு வேளைகூடத் தவறவிடல. அந்தப் பெட்டி தீர்ந்து, தேடிப் போய் இதே மாதிரி இன்னொன்னு வாங்கினா."

கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"எதுக்கு இதெல்லாம்?" என்றார் மெர்வ். "நான் நல்லாத்தானே இருக்கேன்."

*

ஆஸ்பத்திரியில் அவர் கையில் சொட்டு மருந்து ஏற்றினார்கள். இளம் டாக்டர் ஒருத்தி வெளியே வந்து நெரினாவிடம் பேசினாள். ரத்தத்தில் கல்லீரல் பாதிப்பு தெரிகிறது. ஆனால் திரும்பி வரக்கூடிய கட்டத்தில்தான் இருக்கிறது. இன்னும் ஒன்றிரண்டு நாள் விட்டிருந்தால் தன்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றான் டெஸ். "என்கிட்ட முதுகு மாத்திரை, தலை மாத்திரை ரெண்டும் இருக்கு. எதைத் தூக்கிப் போடறது?"

"எதையாவது ஒன்னை. ரெண்டும் ஒன்னுதான். ஒன்னைப் போட்டா இன்னொன்னைத் தொடாதீங்க. வேற வகை மருந்தும் கடையில இருக்கு. அது வயித்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாதவங்க உண்டு. எதுவா இருந்தாலும் ஓரத்துல இருக்கற பேரைப் படிச்சுட்டு, மருந்துக் கடையில ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க."

"என் முதுகு கேக்கறது ஒரே ஒரு தங்கச்சியை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத தங்கச்சியை."

டாக்டர் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அப்போது நடைவழிக் கதவு படாரென்று திறந்தது. நெரினா போன் பண்ணியிருந்தாள். ட்ரூடி ஓடி வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெர்லிட்டாதான் அவள் கண்ணில் முதலில் பட்டாள்.

"நீ இங்க என்ன பண்ற? அம்மா போதாதா? அப்பாவையும் முடிக்கணுமா உனக்கு?"

பெர்லிட்டா எழுந்து நின்றாள்.

"ட்ரூடி" என்றாள் நெரினா. "உங்க அப்பா பொழைச்சுக்குவாரு. இவங்க சொன்னதாலதான் தெரிஞ்சுது. உங்களுக்கு இவங்க மதியமே போன் பண்ணியிருக்காங்க. இப்ப நான் சொல்லப் போறதை உக்காந்து கேளுங்க."

நின்றபடியே கேட்டாள். நெரினா சுற்றி வளைக்கவில்லை. ஒரே மருந்து, மூன்று பெட்டி. முதுகுக்கு ஒன்று, தொண்டைக்கு ஒன்று, ஜலதோஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனியாகப் போட்டால் நல்ல மருந்து. காய்ச்சலில் சாப்பாடு இறங்காத உடம்புக்குள் மூன்றும் சேர்ந்து நாள்கணக்கில் போயிருக்கிறது. வாந்தி வந்து எல்லாவற்றையும் நிறுத்தி, அதன் பிறகே கேர்ன்ஸுக்குப் போனதால், ரத்தத்தில் மருந்தின் தடயம் மிஞ்சவில்லை. விஷம் வைத்தவர் யாரும் இல்லை.

"மூணு பெட்டின்னா?" என்றாள் ட்ரூடி. "முழங்கால் மாத்திரை அப்பாவோடது. எலுமிச்சை இவளோடது. மூணாவது எது?"

நெரினா மருத்துவர்களுக்குக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வைத்திருந்த மருந்துப் பெட்டிகள் இருந்த பையை நாற்காலியில் வைத்தாள். நீலம் மேலே தெரிந்தது.

ட்ரூடி அதைப் பார்த்தாள். எடுத்தாள். ஓரத்து எழுத்தைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது என்னுது" என்றாள். "வேற மருந்துன்னு நான்தான் சொன்னேன். சேர்த்துப் போடலாம்னு நான்தான் சொன்னேன். பேரு வேறயா இருந்துச்சே."

உள்ளே ஒரு கருவி விட்டுவிட்டுக் கூவியது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது" என்றாள் நெரினா. "மூணு பேரு அக்கறையாப் பாத்துக்கறாங்கன்னுதான் நினைச்சிருப்பாங்க."

அதுதான் ட்ரூடியை உடைத்தது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அம்மா இறந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை என்று பிறகு மெர்வ் சொன்னார். கோபம் அவளை அதுவரை நிமிர்த்தி வைத்திருந்தது.

வெகுநேரம் கழித்து அவள் தலையை நிமிர்த்திப் பெர்லிட்டாவைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை வாய் வரை வந்து நின்றுவிட்டது. வேறொன்று வந்தது. "நீங்க தினமும் பார்த்தீங்களே. நான் கொடுத்ததை அம்மா நிறையப் போட்டாங்களா?"

நெரினா வாயைத் திறப்பதற்குள் பெர்லிட்டா சொன்னாள்.

"இல்ல, ட்ரூடி. ஒன்னு ரெண்டு போட்டிருப்பாங்க. கசக்குதுன்னு ஓரமா வச்சுட்டாங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நான் கொடுத்ததுதான் நிறைய."

ட்ரூடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்தபடி அப்பாவின் அறைக்குள் போனாள்.

*

ஷிஃப்ட் முடிய இன்னும் நேரம் இருக்கிறது, கொட்டகையில் விட்டுவிட முடியுமா என்று பெர்லிட்டா கேட்டாள். டெஸ் காரை எடுத்தான். பாலத்தில் ஏறும்போது நெரினா முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"மெர்வ் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. ஒரு வேளைகூடத் தவறவிடலன்னு சொன்னாரு."

"கேட்டேன்."

"மரண விசாரணை அதிகாரிக்கு நான் எல்லாத்தையும் உள்ளபடி சொல்லியாகணும், பெர்லிட்டா. மூணு பெட்டியையும்தான். மெர்வையும் கேப்பாங்க. அறிக்கையில வந்துரும். அவ படிப்பா."

"அது எப்ப வரும்?"

"ஆறேழு மாசம் ஆகலாம்."

பெர்லிட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையுறை போட்டுப் போட்டு வெளுத்துப்போன விரல்களால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப அதுவரைக்கும் தூங்கட்டும்" என்றாள். "அம்மாவை இழந்த வருஷத்துல ஒரு பொண்ணு கொஞ்சமாவது தூங்கணும்."